காருக்கு எக்ஸ்டென்ஷன் ஒயர் இழுக்கும் முன்

எலெக்ட்ரிக் காரோடு வரும் கையேட்டைப் புரட்டினால், எக்ஸ்டென்ஷன் ஒயர் போட்டு சார்ஜ் செய்யாதீர்கள் என்று அநேகமாக எல்லாக் கம்பெனிக்காரர்களும் எழுதியிருப்பார்கள். அவர்கள் சொல்வது சரிதான். ஆனால் அந்த வரியை எழுதியவர் வாடகை வீட்டில் குடியிருப்பவராக இருக்க முடியாது. மாடியில் வீடு, கீழே போர்ட்டிகோவில் கார், போர்ட்டிகோவில் இருப்பது ஒரு பல்பும் ஒரு 5 ஆம்ப் பாயிண்டும். கோவையில் எங்கள் தெருவில் எலெக்ட்ரிக் கார் வைத்திருப்பவர்கள் பாதிப் பேருடைய நிலைமை இதுதான். ஹவுஸ் ஓனர் சம்மதித்து, ஆள் வந்து, புது லைன் இழுத்துக் கொடுக்கும் வரை காரை நிறுத்தியா வைக்க முடியும்? ஒயரைத் தேடத்தான் போகிறார்கள். போடவே கூடாது என்று சொல்லிவிட்டு நகர்ந்துகொள்வதைவிட, போட்டே தீர வேண்டுமென்றால் எப்படிப் போடுவது என்று சொல்லிவைப்பது மேல். நானும் ஒரு வருஷத்துக்கு மேல் அப்படித்தான் ஓட்டினேன். அந்த நாட்களில் கற்றுக்கொண்டது இது.

முதலில் ஸ்கூட்டர் விஷயத்தைப் பேசிவிடலாம். குழப்பமே அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது. "ஸ்கூட்டரை ரெண்டு வருஷமா ஜங்ஷன் பாக்ஸ்லதான் போடறோம், ஒண்ணும் ஆகலையே" என்பார்கள். ஆகாது. ஸ்கூட்டர் சார்ஜர் பெரும்பாலும் ஆயிரம் வாட்டுக்குள் அடங்கிவிடும், அதாவது மூன்று நான்கு ஆம்ப். காரோடு வரும் போர்ட்டபிள் சார்ஜர் 15 ஆம்ப் பிளக்கில் செருகுவது. 13 ஆம்ப் சுமாருக்கு இழுக்கும், ஏறக்குறைய மூன்று கிலோவாட். கரண்ட் மூன்று மடங்கு கூடினால் சூடும் மூன்று மடங்குதானே என்று நினைக்கக் கூடாது. கரண்டின் வர்க்கத்துக்குத் தக்கபடி சூடு ஏறும். மூன்று மடங்கு கரண்டுக்கு ஒன்பது மடங்கு சூடு.

அடுத்தது நேரம். வீட்டில் நிறையக் கரண்ட் இழுக்கிற சாமான் வேறு இல்லாமலில்லை. கீசர் இரண்டு கிலோவாட் இழுக்கிறது, ஆனால் கால் மணி நேரத்தில் அணைந்துவிடுகிறது. இஸ்திரிப் பெட்டி நிமிஷத்துக்கு ஒருமுறை தானாக நின்று நின்று ஓடுகிறது. சாக்கெட்டும் பிளக்கும் சூடேற ஆரம்பிக்கும்போதே அந்தச் சாமான்களின் வேலை முடிந்துவிடும். கார் அப்படியில்லை. 24 யூனிட் பேட்டரியை அடியிலிருந்து நிரப்ப எட்டு, ஒன்பது மணி நேரம் இடைவிடாமல் அதே 13 ஆம்ப் ஓடும். அமெரிக்காவின் மின்சார விதிகளில் மூன்று மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து ஓடும் லோடுக்குத் தனிக் கணக்கே வைத்திருக்கிறார்கள். அந்த லோடைப் போல ஒன்றேகால் மடங்கு தாங்கும்படி லைன் இருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். காரையும் அந்த வகையில்தான் சேர்த்திருக்கிறார்கள். நம் வீட்டு 15 ஆம்ப் பாயிண்டை வைத்தவர் வாஷிங் மெஷினை நினைத்து வைத்திருப்பார். ராத்திரி முழுக்க ஓடும் காரை அவர் கனவிலும் கண்டிருக்க மாட்டார்.

எனக்கு ஒயர் செய்து கொடுத்த எலக்ட்ரீஷியன் அண்ணன், கணபதிப் பக்கம் மோட்டார் காயில் கட்டுகிற பட்டறையில் பல வருஷம் இருந்தவர். போர் மோட்டாருக்கும் கிரைண்டருக்கும் ஒயர் போட்டே பழகிய ஊர் இது. கார் சங்கதி அவருக்குப் புதுசு என்றாலும் லோடு சங்கதி பழசு. என்ன ஒயர் வாங்குவது என்று நான் கேட்டதற்கு அவர் ஒயரைப் பற்றியே பேசவில்லை.

"ஒயரு தாங்குமுங்க. முனைதான் தாங்காது. எங்க சேருதோ அங்கதானுங்க வேகும்."

பிறகு ஒரு காகிதத்தில் நானே கணக்குப் போட்டுப் பார்த்தபோது அவர் சொன்னதன் முழு அர்த்தம் புரிந்தது. பத்து மீட்டர் நீளம், 1.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) செம்பு ஒயர், 13 ஆம்ப் என்று வைத்துக்கொண்டால், போக வர இரண்டு கம்பியிலும் சேர்த்து 45 வாட் சூடாகக் கரைகிறது. பத்து மீட்டருக்கும் பரவிக் கிடப்பதால் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும், அவ்வளவுதான். இதையே ஒரு சாக்கெட்டின் உள்ளே பாருங்கள். ஸ்பிரிங் கொஞ்சம் தளர்ந்து, பின் சரியாகக் கவ்வாமல், 0.15 ஓம் தடை உண்டாகிவிட்டது என்று வையுங்கள். அந்த ஒரே புள்ளியில் 25 வாட். ரேடியோ ரிப்பேர்க் கடையில் ஈயம் உருக்குவார்களே, அந்த சால்டரிங் அயர்னும் 25 வாட்தான். அதை பிளாஸ்டிக் டப்பாவுக்குள் வைத்து மூடி எட்டு மணி நேரம் விட்டால் என்ன ஆகுமோ அதுதான் ஆகும். சூடு பட்டால் ஸ்பிரிங் இன்னும் தளரும், பித்தளை கறுக்கும், தடை இன்னும் ஏறும், சூடு இன்னும் கூடும். போன வாரம் நன்றாக இருந்த சாக்கெட் இந்த வாரம் உருகுவது இப்படித்தான்.

எக்ஸ்டென்ஷனில் என்ன ஆபத்து என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். நேரே சுவரில் செருகினால் கரண்ட் தாண்ட வேண்டிய பிளக் சந்திப்பு ஒன்றே ஒன்று. எக்ஸ்டென்ஷன் போட்டால் அது இரண்டாகிறது. அதன் இரு தலையிலும் திருகு வைத்து முறுக்கிய ஒயர் முனைகள் வேறு புதிதாக வந்து சேர்கின்றன. எதைச் செய்தாலும் இந்தச் சந்திப்புகளின் எண்ணிக்கையைக் குறைக்கிறோமா, அவற்றின் பிடியை இறுக்குகிறோமா என்று மட்டும் பார்த்தால் போதும், மற்றது எல்லாம் அதற்குள்ளேயே வந்துவிடும்.

கடையில் விற்கிற ரெடிமேட் எக்ஸ்டென்ஷனை எடுத்துப் பார்த்தேன். முகப்பில் 16 ஆம்ப் சாக்கெட் இருக்கும், பெட்டியிலும் 16 என்று போட்டிருக்கும். ஒயரின் மேல் அச்சிட்டிருப்பதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தால் 1.0 அல்லது 1.5 ஸ்கொயர். சிலதில் எதுவுமே அச்சிட்டிருக்காது. அதை எடுத்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும். தெருவோர எலக்ட்ரிகல் கடையில் அவர்களே பலகையில் சாக்கெட் அடித்து விற்பதில் 40/76 ஒயர் போட்டிருப்பார்கள். 40 இழை, ஒவ்வொன்றும் அங்குலத்தில் 0.0076 தடிமன் என்பது அந்த எண்ணின் கணக்கு. பெருக்கிப் பார்த்தால் 1.2 ஸ்கொயர்கூடத் தேறாது. மிக்ஸிக்கும் டேபிள் ஃபேனுக்கும் சரி, காருக்கு ஆகாது. வெளியே செம்பு நிறம், உள்ளே அலுமினியம் என்று இன்னொரு சரக்கும் சந்தையில் ஓடுகிறது. இழையை பிளேடால் சுரண்டினால் வெள்ளையாகப் பல் இளிக்கும். கையில் தூக்கினாலே எடை சொல்லிவிடும்.

நான் செய்யச் சொன்னது இதுதான். மூன்று கோர் செம்பு ஃப்ளெக்ஸிபிள் கேபிள், 4 ஸ்கொயர், ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளது. 2.5 போதும் என்றுதான் கடைக்காரர் சொன்னார். பத்து மீட்டருக்குள் என்றால் கணக்குப்படி அதுவும் பாதகமில்லை, அதற்குக் கீழே மட்டும் இறங்கவே கூடாது. ஆனால் 1.5இல் 45 வாட் கரைகிற இடத்தில் 4 ஸ்கொயரில் 17 வாட்தான் கரைகிறது. விலை வித்தியாசத்தை ஒரு தடவை கொடுத்துவிட்டு ராத்திரி தூங்கலாம். நீளம் தேவைக்கு மேல் ஒரு மீட்டர், அதற்கு அதிகம் வேண்டாம். 'பின்னாடி உதவும்' என்று இருபது, முப்பது மீட்டர் வாங்குவது நம் ஊர்ப் பழக்கம். மிச்சத்தைச் சுற்றித்தான் வைக்க வேண்டும், சுற்றி வைத்தால் அதுவே தனி வம்பு.

மறுமுனையில் ஒரே ஒரு 16 ஆம்ப் சாக்கெட். இரண்டு இருந்தால் இரண்டாவதில் யாராவது பிரஷர் வாஷரைச் செருகுவார்கள். வெட்டவெளியில் வைப்பதாக இருந்தால் நீல நிறத்தில் உருண்டையாக வரும் இண்டஸ்ட்ரியல் பிளக், சாக்கெட் நல்லது. மூடி இருக்கும், மழைச்சாரல் தாங்கும், பிடியும் பலம். ஆனால் கார் சார்ஜரின் பிளக் அதில் நேரே சேராது, அதற்கொரு மாற்று முனை தேவைப்படும், சந்திப்பு ஒன்று கூடிவிடும். அதனால் அதை நான் விட்டுவிட்டு, மூடியோடு வரும் சாதாரண 16 ஆம்ப் சாக்கெட்டையே ஒரு பெட்டிக்குள் வைக்கச் சொன்னேன்.

அண்ணன் முனை கட்டிய விதத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். மெல்லிய இழைகளை அப்படியே முறுக்கித் திருகுக்கு அடியில் சொருகினால் பாதி இழை நசுங்கும், பாதி விலகும். அவர் ஒவ்வொரு முனைக்கும் குழல் மாதிரியான செம்பு லக்கை மாட்டி, கிரிம்பிங் இடுக்கியால் நசுக்கி, பிறகுதான் திருகின் அடியில் கொடுத்தார். ஈயம் வைத்துவிட்டால் இன்னும் பலமாயிருக்காதா என்று கேட்டேன். "ஈயம் வெச்சா அன்னைக்கு இறுக்கமாத்தான் இருக்கும். சூடு பட்டுச்சுன்னா அது அமுங்கீருமுங்க, திருகு லூஸாயிரும்." பிளக்கின் கழுத்தில் ஒயரைக் கவ்வும் பட்டையையும் இறுக்கிவிட்டு, ஒயரைப் பிடித்து இழுத்துக் காட்டினார். இழுப்பு அந்தப் பட்டையோடு நின்றது, திருகுக்குப் போகவில்லை. ஒரு மாதம் கழித்து மெயினை அணைத்துவிட்டு எல்லாத் திருகுகளையும் இன்னொரு தடவை முறுக்கச் சொன்னார். இரண்டு திருகுகள் கால் சுற்று இடம் கொடுத்தன.

இத்தனை செய்தாலும் மறுபக்கம் சுவரில் இருக்கும் சாக்கெட் பழசாக இருந்தால் எல்லாம் வீண். எந்தச் சாக்கெட்டில் செருகுவது என்பதற்கு என் விடை: ஏசி பாயிண்ட். பெரும்பாலான வீடுகளில் ஏசிக்கு மட்டும், மெயின் சுவிட்ச் இருக்கும் டிபி பெட்டியிலிருந்து தனி லைன், தனி எம்.சி.பி. (கரண்ட் அளவு மீறினால் தானாக விழும் சுவிட்ச்) போட்டிருப்பார்கள். சமையலறை பவர் பாயிண்டிலோ, பாத்ரூம் கீசர் பாயிண்டிலோ லைன் எங்கெங்கே கிளை பிரிந்து வருகிறது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் காரும் ஏசியும் ஒரே நேரத்தில் அதில் ஓடக் கூடாது. எங்கள் வீட்டில் ஹால் ஏசியின் பாயிண்டைக் காருக்குக் கொடுத்தோம். அந்தக் கோடையில் ஹாலில் ஏசி கிடையாது என்பதற்கு வீட்டில் என்ன சொன்னார்கள் என்பதை இங்கே எழுதத் தேவையில்லை.

அந்தப் பாயிண்டிலும் பழைய சாக்கெட்டைக் கழற்றிப் புதுசு போட்டோம். பழைய சாக்கெட்டில் பிளக்கைச் செருகி லேசாக ஆட்டிப் பாருங்கள். ஆடினாலோ, ஒரு விரலில் இழுத்தாலே கழன்று வந்தாலோ அது காருக்கு லாயக்கில்லை. சாக்கெட்டின் விலை ஒரு தடவை வெளியே போய் காபி குடிக்கும் செலவுதான், ஆனால் அதை மாற்றத்தான் யாருக்கும் மனசு வருவதில்லை.

எங்கும் எழுதி நான் பார்க்காத ஒன்றைச் சொல்கிறேன். போர்ட்டபிள் சார்ஜரில் பிளக்குக்கும் அந்தக் கறுப்புப் பெட்டிக்கும் நடுவே இருக்கும் ஒயர் குட்டையானது. சுவரில் செருகிவிட்டுக் கையை எடுத்தால் பெட்டி அந்தரத்தில் தொங்கும். அதன் எடை மொத்தமும் பிளக்கைக் கீழ்நோக்கி இழுக்கும். மேல் பின் கொஞ்சம் வெளியே வந்து, கீழ் இரண்டு பின்களும் சாய்ந்து நிற்கும். பார்வைக்குச் செருகியபடிதான் இருக்கும், உள்ளே பாதிப் பிடி. பெட்டிக்குக் கீழே ஒரு ஸ்டூல், அல்லது சுவரில் ஒரு கொக்கி. இந்தக் கொக்கிக்காகத்தான் ஹவுஸ் ஓனர் அம்மாவிடம் முதல் அனுமதி வாங்கினேன்.

ஒயரைப் போடும் விதத்துக்கு வருவோம். சுருளைச் சுருளாகவே வைத்துச் சார்ஜ் போடக் கூடாது. பத்து மீட்டரில் பரவிக் கரைய வேண்டிய சூடு ஒரு குவியலுக்குள் மாட்டிக்கொள்ளும். சாதாரண பி.வி.சி. உறை தாங்குவது 70 டிகிரி வரைதான். சித்திரை மாதம் போர்ட்டிகோவிலேயே 38, 40 இருக்கும்போது மீதி எவ்வளவு இடம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். டிரம்மில் சுற்றி வரும் ரகத்தில், சுற்றியிருந்தால் இத்தனை ஆம்ப், முழுதும் விரித்தால் இத்தனை ஆம்ப் என்று இரண்டு எண் போட்டிருப்பார்கள். இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இருக்கும். கால்மிதிக்கு அடியில் விடுவது, ஜன்னல் கதவிடுக்கில் நசுங்கவிடுவது, காரின் டயர் ஏறி இறங்கும்படி போடுவது இதெல்லாம் சொல்லாமலே தெரிந்ததுதான், ஆனாலும் நடக்கிறது. அணிலும் எலியும் ஒயரைக் கொறிக்கும். மாசத்துக்கு ஒருமுறை ஒயர் முழுவதையும் கையால் உருவிப் பார்த்துவிடுவேன். வெட்டு, கீறல் ஏதாவது தட்டுப்பட்டால் இன்சுலேஷன் டேப் சுற்றி ஒப்பேற்ற மாட்டேன், அந்த இடத்தை வெட்டிவிட்டு மீதியில் முனை கட்டிக்கொள்வேன்.

மழைக்காலத்தில் சந்திப்பு தரையில் கிடக்கக் கூடாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையில் வீடுகளின் கீழ்த்தளப் பார்க்கிங்கில் தண்ணீர் ஏறியதை டி.வி.யில் பார்த்தோமே. ஐப்பசி, கார்த்திகையில் கோவையிலும் ஒரு மணி நேர மழைக்கு போர்ட்டிகோவில் கணுக்கால் தண்ணீர் நிற்கும் தெருக்கள் உண்டு. சாக்கெட் பெட்டியை இடுப்பு உயரத்தில் தூணில் மாட்டினேன். மழை வரும் போலிருந்தால் அன்று வீட்டில் சார்ஜ் இல்லை, அவினாசி ரோட்டில் பொது சார்ஜரைப் பார்த்துப் போய்விடுவேன். காருக்கும் அதில் செருகும் சார்ஜிங் கன்னுக்கும் மழை ஒரு பொருட்டில்லைதான். நம் எக்ஸ்டென்ஷனை நம்பித்தான் போக முடியாது.

இனி என் கைக்குக் கிடைத்த ஆகப் பெரிய உபாயம். கரண்டைக் குறையுங்கள். சில கார்களில் திரையிலேயே சார்ஜிங் கரண்டைக் குறைக்கும் வசதி உண்டு. சில போர்ட்டபிள் சார்ஜர்களில் 8, 10, 13 என்று மாற்றுவதற்கு ஒரு பட்டன் இருக்கும். 13இலிருந்து 8க்கு இறக்கினால் எல்லாச் சந்திப்புகளிலும் சூடு முன்பு இருந்ததில் நூற்றுக்கு 38 பங்குதான். நேரம் கூடுமே என்றால், கூடட்டும். தினம் நாற்பது கிலோமீட்டர் ஓடுகிற சின்னக் காருக்கு ஐந்தாறு யூனிட் போதும். 8 ஆம்பில் மூன்று மணி நேரச் சொச்சத்தில் அது ஏறிவிடும். பேட்டரியைக் காலியாக்கி அப்புறம் ஒரேயடியாக நிரப்புவது பெட்ரோல் காரில் வந்த பழக்கம். தினம் கொஞ்சம் போட்டுக்கொண்டால், ராத்திரி முழுக்க முழு லோடில் ஓடவிட வேண்டிய அவசியமே வராது. சாயங்காலம் ஏழு மணிக்குப் போட்டு, தூங்கப் போகும் முன் நிறுத்திவிடுவேன். வீட்டில் எல்லாரும் விழித்திருக்கும் நேரம், வாடை வந்தால் யாராவது மோந்துவிடுவார்கள்.

வாடை என்றது சும்மா இல்லை. சாக்கெட் பிளாஸ்டிக் அளவுக்கு மீறிச் சூடானால் ஒருவிதக் கருவாட்டு வாடை வரும். புகையும் தீயும் அப்புறம்தான். என் மச்சான் குடும்பம் கருவாடு தொடாதவர்கள். ஒரு நாள் அவர்கள் ஹாலில் அந்த வாடை. பக்கத்து வீட்டைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள். போய்ப் பார்த்தால், காருக்குப் போட்டிருந்த எக்ஸ்டென்ஷன் பெட்டியில் ஒரு பின் துவாரத்தைச் சுற்றி டீக்கறை மாதிரிப் பழுப்பு வளையம், பிளக் பாதி இளகிச் சாக்கெட்டோடு ஒட்டியிருந்தது. எம்.சி.பி. விழவே இல்லை. "அது எதுக்கு மாமா வெச்சிருக்கு, விழ வேண்டாமா?" என்று கோபப்பட்டான்.

விழாது. எம்.சி.பி. பார்ப்பது கரண்ட் எவ்வளவு ஓடுகிறது என்பதை மட்டும். 16 ஆம்ப் எம்.சி.பி.யில் 18 ஆம்ப் ஓடினாலும் ஒரு மணி நேரம் பேசாமல் இருக்கும்படிதான் அதை வடிவமைத்திருக்கிறார்கள். உருகும் சாக்கெட்டில் ஓடுவது அதே பழைய 13 ஆம்ப். ஆர்.சி.சி.பி. என்பது கரண்ட் வழி தவறி எர்த்துக்கோ உடம்புக்கோ போகிறதா என்று பார்க்கும், 30 மில்லி ஆம்ப் கசிந்தாலே அணைத்துவிடும். உயிரைக் காப்பது அதுதான், அது இல்லாத வீட்டில் காரை சார்ஜ் போடவே கூடாது. ஆனால் சூடான முனையை அதுவும் கண்டுகொள்ளாது. அந்த வேலைக்கு வீட்டில் இருக்கும் ஒரே கருவி நம் கைதான். சார்ஜ் போட்டு அரை மணி கழித்து ஒரு தடவை, ஒன்றரை மணி கழித்து இன்னொரு தடவை, பிளக்கின் மேலும் சாக்கெட்டின் முகத்திலும் புறங்கையை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பு இருக்கலாம். கையை வைத்திருக்க முடியாமல் எடுக்கத் தோன்றினால் அன்றே நிறுத்திவிட வேண்டும். துப்பாக்கி மாதிரி இருக்கும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கினேன். 60 டிகிரியைத் தொட்டால் நிறுத்துவது என்பது நானே வைத்துக்கொண்ட எல்லை. பளபளக்கும் உலோகத்தில் அது காட்டும் எண்ணை நம்பாதீர்கள், பிளாஸ்டிக் மேல் அடித்துப் பாருங்கள். கொரோனாவின்போது வாங்கிய நெற்றித் தெர்மாமீட்டர் இதற்கு உதவாது, காய்ச்சல் அளவைத் தாண்டி அதற்கு எண்ணத் தெரியாது.

எர்த் விஷயத்தைச் சொல்லாமல் முடிக்க முடியாது. உடுமலைப் பக்கம் மாமாவின் தோட்டத்து வீட்டுக்குப் போனபோது சார்ஜர் பெட்டியில் சிவப்பு விளக்கு, சார்ஜ் ஏறவில்லை. எர்த் இல்லை என்று அது சொல்கிறது. போர்ட்டபிள் சார்ஜர் தொடங்கும் முன் எர்த் இருக்கிறதா என்று சோதித்துவிட்டுத்தான் காருக்கு வழி விடும். உள்ளூர் ஒயர்மேன் வந்தார், சாக்கெட்டைக் கழற்றினார், நியூட்ரலிலிருந்து ஒரு துண்டு ஒயரை எர்த் பின்னுக்குக் கொடுக்கப் போனார். "இவ்வளவுதானுங்க, பச்சை எரிஞ்சிரும்." எரியும்தான். மாமாவைத் தனியே கூப்பிட்டு, வேண்டாம் என்று நிறுத்தச் சொன்னேன். வரும் வழியில் எங்காவது நியூட்ரல் அறுந்துவிட்டால், அந்தத் துண்டு ஒயர் வழியாகக் காரின் பாடி முழுக்க 230 வோல்ட் ஏறிவிடும். ஈரத் தரையில் நின்று கதவைத் திறப்பவர் கதி? லைன் கம்பி அறுவது கிராமத்தில் புதுமையா என்ன. சார்ஜரை ஏமாற்றுவது, எச்சரிக்கும் ஒரே ஆளின் வாயைக் கட்டுவது.

பிறகு முறையாகக் குழி வெட்டி, ஜி.ஐ. பைப் இறக்கி, கரியும் உப்பும் போட்டு எர்த் எடுத்தார்கள். கோடையில் அதில் வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றச் சொல்லியிருக்கிறேன். அங்கே வோல்டேஜும் சில நேரம் 180க்கு இறங்கும். அப்போது சூடு குறையும் என்று எண்ண வேண்டாம். கார் இழுக்கும் ஆம்ப் அதேதான், கிடைக்கும் பவர்தான் குறைவு. அதே சூட்டில் அதிக நேரம் ஓடும்.

சில்லறை விஷயங்கள் சில. 15 ஆம்ப் பிளக்கை 5 ஆம்ப் சாக்கெட்டில் மாட்டும் கன்வர்ஷன் பிளக்கைக் காருக்குப் பயன்படுத்துவது விளையாட்டல்ல. எக்ஸ்டென்ஷனோடு எக்ஸ்டென்ஷன் சேர்க்காதீர்கள். போடும்போது சுவர், எக்ஸ்டென்ஷன், சார்ஜர், கடைசியில் கார் என்ற வரிசை. எடுக்கும்போது காரில் சார்ஜை நிறுத்திவிட்டுக் கன்னைக் கழற்றிய பிறகே சுவரில் கை வைக்க வேண்டும். 13 ஆம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போது பிளக்கைப் பிடுங்கினால் பொறி பறக்கும், ஒவ்வொரு பொறியும் பின்னில் ஒரு பள்ளம் வைக்கும். இன்வெர்ட்டர் லைனில் வரும் பாயிண்டில் தெரியாமல்கூடக் காரைச் செருகிவிடாதீர்கள். சாக்கெட்டிலேயே புகை கண்டால் பிளக்கை இழுக்கப் போகக் கூடாது, தண்ணீர் ஊற்றவும் கூடாது. நேரே டிபி பெட்டிக்குப் போய் மெயினை அணைக்க வேண்டும். டிபி பெட்டி எங்கே இருக்கிறது, எது மெயின் என்பது வீட்டில் இருக்கும் பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்கட்டும். எங்கள் பெட்டியில் சிவப்பு பெயிண்டால் பொட்டு வைத்திருக்கிறேன்.

இவ்வளவும் ஒரு தற்காலிக ஏற்பாட்டுக்குத்தான். போர்ட்டிகோவிலேயே தனிப் பாயிண்ட் வந்துவிட்டால் எக்ஸ்டென்ஷனே வேண்டாம். ஹவுஸ் ஓனர் அம்மாவுக்குக் கார் வெடிக்குமோ என்பதைவிட, கரண்ட் பில் எகிறுமோ என்ற கவலைதான் பெரிதாக இருந்தது. நியாயம்தான். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் ஈ.பி. கணக்கின் ரேட்டே மாறிவிடுகிறது, அதைக் கட்டப்போவது அவர்.

"ஏனுங்க தம்பி, உங்க வண்டி குடிக்கற கரண்டுக்கு நாங்க எப்படிங்க கணக்கு வெக்கறது?"

"தனியா ஒரு மீட்டர் போட்டர்றனுங்கம்மா. மாசாமாசம் போட்டோ எடுத்து அனுப்பறேன். காலி பண்ணிட்டுப் போகும்போது எல்லாத்தையும் உங்களுக்கே விட்டுட்டுப் போறேன்."

கடைசி வாக்கியத்தில்தான் சம்மதம் கிடைத்தது. டிபியிலிருந்து போர்ட்டிகோ வரை குழாய்க்குள் 4 ஸ்கொயர் ஒயர், தனி 20 ஆம்ப் எம்.சி.பி., தனியாக 30 மில்லி ஆம்ப் ஆர்.சி.சி.பி., அதில் ஏ டைப். கார் மாதிரி எலக்ட்ரானிக்ஸ் உள்ள லோடுக்குச் சாதாரண ஏ.சி. டைப் போதாது, கடையில் பெயர் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும். மெட்டல் பெட்டிக்குள் 16 ஆம்ப் சாக்கெட், அதற்குப் பக்கத்தில் சார்ஜரைத் தாங்க ஒரு கொக்கி, வழியில் சின்ன சப்-மீட்டர். வீட்டுக்கு வாங்கியிருக்கும் அனுமதி லோடு போதுமா என்று ஈ.பி. ஆபீசில் முன்கூட்டியே கேட்டுக்கொண்டோம். அண்ணன் ஒரு நாளில் முடித்துவிட்டார். இப்போது அம்மாவின் மகன் அதே பாயிண்டைக் கணக்கில் வைத்துக்கொண்டு எலெக்ட்ரிக் கார் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

பழைய எக்ஸ்டென்ஷன் டிக்கியில் கிடக்கிறது. உடுமலைக்குப் போகும்போது மட்டும் வெளியே வரும். அங்கே எர்த் சரியாகிவிட்டது. தளர்ந்துபோன 16 ஆம்ப் சாக்கெட்டை மட்டும் மாமா இன்னும் மாற்றவில்லை, அதனால் புதுசு ஒன்றை நானே வாங்கி அதே டிக்கியில் போட்டு வைத்திருக்கிறேன்.